சிவப்புக் குழாயில் பச்சைத் தண்ணீர்

அபுதாபியில் இறங்கிய மறுநாள் காலை. ஆகஸ்ட் மாதம். குளிக்கப் போய் நீலக் குறி போட்ட குழாயைத் திறந்தேன். கையைச் சுட்டுவிட்டது. நான் போட்ட சத்தத்துக்கு அறைத்தோழர், நாகர்கோவில்காரர், அசரவே இல்லை. கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்: "தம்பி, சிவப்பத் திறங்க. ஹீட்டர மே மாசமே ஆஃப் பண்ணியாச்சு. அதுலதான் பச்சத் தண்ணி வரும்."

வந்தது. மொட்டைமாடித் தொட்டியும் அதிலிருந்து இறங்கும் குழாயும் பகலெல்லாம் வெயிலில் காய்கின்றன. ஹீட்டரோ குளியலறைக் கூரைக்குள், ஏசியின் குளிர் எட்டும் இடத்தில் இருக்கிறது. அணைத்துப் போட்டால் அதற்குள் நிற்கும் நீர் இரவோடு இரவாக அறையின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். இந்த வரம் முதலில் குளிப்பவருக்குத்தான். இரண்டாவது ஆள் போகும்போது மாடித் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். எங்கள் அறையில் நாலு பேர். ஐந்து மணி அலாரத்துக்குக் காரணம் அலுவலகம் அல்ல.

முந்தைய இரவே ஓர் அதிர்ச்சி. விமான நிலையக் கதவு திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க வெண்மை படர்ந்து வழி தெரியாமல் நின்றேன். பாலைவனம் என்றால் வறண்ட காற்று, இரவில் குளிரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அது உள்நாட்டுக்குச் சரி. கரையோரத்தில் கதையே வேறு. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். ஏறக்குறைய நாலாபக்கமும் நிலம் சூழ்ந்த அந்த ஆழமற்ற கடல், ஆகஸ்டில் வெதுவெதுப்பான அண்டாவாகி ஓயாமல் ஆவி விடுகிறது.

காற்றிலுள்ள ஆவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். வளைகுடாக் கரையில் அது கோடையில் 30 டிகிரி செல்சியஸைத் தொடுவது உண்டு. ஏசியில் 23 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடி அந்தக் காற்றில் பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை 35 டிகிரி பதிவானது. இரவு குளிராததற்கும் இந்த ஆவியே காரணம். தரையிலிருந்து வானுக்குத் தப்ப வேண்டிய வெப்பத்தை அது போர்வை போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். உடம்பின் பாடுதான் சிரமம். தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு மிச்சமிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். கிட்டத்தட்ட 6 லிட்டர் பனிக்குளிர் நீரைக் கொதிநிலைக்கு ஏற்றும் வெப்பம் அது. ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சட்டையில் ஊறிச் சொட்டினால் நீரும் உப்பும் நஷ்டம், குளிர்ச்சி இல்லை.

ரியாத் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஆபத்து மறுபக்கம். வியர்வை கண்ணில் படும் முன்பே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்திருப்போம். மாலையில் கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளப்பதே ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தாண்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஆய்வாளர்கள் ஷெர்வுட், ஹ்யூபர் இருவரும் 2010-இல் கணக்கிட்டனர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், ஈரமான காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்கியது.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. நல்ல சட்டம்தான். ஆனால் அது வெயிலுக்குப் போட்ட கணக்கு. ஈரம் கடிகாரம் பார்ப்பதில்லை.

"நமக்கென்ன, மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவங்கதானே" என்று நானும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பழக்கம் ஏசி அறையில் சில வாரம் இருந்தாலே கரைந்துவிடும். மீண்டும் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், நிறையச் சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். வெப்பத்தால் திறந்தவெளி வேலையில் நேரும் சாவுகளில் 50 முதல் 70 விழுக்காடு, வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை.

வீட்டிலிருந்து யாராவது கோடையில் அரபு நாட்டுக்குக் கிளம்பினால், ஊறுகாய்ப் பாட்டிலோடு இந்தக் கணக்கையும் கொடுத்தனுப்புங்கள். வெயில் வேலை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. லீவு முடிந்து திரும்பும் பழைய ஆளுக்கும் முதல் நாள் பாதிதான்.