தலப்பாக்கட்டி என்ன பெயர்?

"நேத்து ராத்திரி தலப்பாக்கட்டி சாப்பிட்டோம்" என்று திண்டுக்கல்லில் யாராவது சொன்னால் கேட்பவர் திகைப்பதில்லை. 1957-இல் நாகசாமி நாயுடு இங்கே தொடங்கிய பிரியாணிக் கடைக்கு முதலில் ஆனந்த விலாஸ் என்றுதான் பெயர். அவர் தலைப்பாகை கட்டியிருந்ததால் ஊர் அவரைத் தலப்பாக்கட்டி என்றது. பலகையில் எழுதிய பெயர் மறைந்து, ஊர் வாயில் புழங்கிய பெயரே கடைக்கு நிலைத்துவிட்டது.

பெயர்களை இனம் பிரிக்கத் தமிழ் இலக்கணத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன. காரணம் தெரியாமல் வழிவழியாக வருவது இடுகுறிப்பெயர். காரணம் பற்றி வருவது காரணப்பெயர். தலைப்பாகை கட்டியவர் தலப்பாக்கட்டி என்பது காரணப்பெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வந்தால் ஆகுபெயர். ஆளின் பெயர் அவர் ஆக்கிய பிரியாணிக்கு வந்தது கருத்தாவாகுபெயர். ஆங்கிலேயரின் சாண்ட்விச்சும் இப்படித்தான்: ஊர்ப் பெயர் ஒரு பிரபுவின் பட்டமாகி, பட்டம் தின்பண்டத்துக்கு வந்தது.

திண்டுக்கல் என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டு, கல் இரண்டும் தனித்தனியே இடுகுறி. ஊர் நடுவே திண்டு போலக் கிடக்கும் அந்தப் பாறையைப் பார்த்து இரண்டையும் சேர்த்ததும் காரணப்பெயர் ஆகிவிட்டது. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில் நம் மக்களுக்கு நல்ல கண். சீரகம் போல் சிறுத்த அரிசி சீரகச் சம்பா, மாங்காய் வடிவில் செய்த பூட்டு மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப் பெயருக்கே சட்டக் காவல் கிடைத்த பிறகு, வேறெங்கோ செய்த பூட்டை அந்தப் பெயரில் விற்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பூக்கடையில் இருக்கிறது. "ரெண்டு முழம் குடுங்கக்கா" என்கிறோம். பூ என்ற சொல்லே வாயில் வரவில்லை. அந்த அக்கா முழங்கையில் சரத்தின் நுனியை வைத்து, விரல் நுனி வரை இழுத்து, இரண்டு தடவை அளந்து, நார் அறுத்துத் தருகிறார். நீள அளவின் பெயர் அளக்கப்படும் பொருளுக்கு வந்தால் நீட்டலளவையாகுபெயர். பள்ளியில் பாதிப் பேர் இந்தச் சொல்லை உச்சரிக்கவே பயப்படுவார்கள். அதையே மாலையில் பிழையில்லாமல் பேசிப் பூ வாங்கிப் போகிறார்கள்.

இன்னும் இருக்கின்றன. "சின்னாளபட்டி கட்டியிருக்கா" என்றால் ஊர் சேலைக்கு வந்த இடவாகுபெயர். "ஒரு வறுவல்" என்றால் வறுக்கும் தொழில் தட்டில் இருக்கும் கறிக்கு வந்த தொழிலாகுபெயர்.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்த பாடம் இது. தமிழாசிரியர்களே, ஆகுபெயர் நடத்தும் நாளில் ஒரு முறையாவது பிள்ளைகளைக் கடைவீதிக்கு அழைத்துப் போங்கள்.