மூலத்தில் உள்ளதே செவிக்கு வரும்

கையடக்க உயர்தெளிவு இசைக்கருவி என்ற பெயரில் விற்கப்படும் சிறு பெட்டியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: எண்களாகச் சேமிக்கப்பட்ட ஒலியைப் படித்து, அதை மின்னலையாக மாற்றி, காதில் மாட்டும் ஹெட்போனை இயக்கும் அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கிறது. சோனி நிறுவனம் 1979 ஜூலையில் வெளியிட்ட வோக்மன் கெசட்டையும், அப்பிள் நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்தி 2022 இல் நிறுத்திக்கொண்ட ஐபொட் இலக்கக் கோப்பையும் மனிதர் கூடவே நடக்கச் செய்தன; இன்று அந்த வரிசையில் வந்து நிற்கும் கருவிகள், இறுவட்டையும் விஞ்சிய தெளிவைக் கைக்குள் தருவதாகச் சொல்லிக்கொண்டு விலைக்கு வருகின்றன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் இலங்கையின் அம்பாறை மாவட்ட ஊர்களில் இத்தகைய கருவியொன்றை வாங்க நினைப்பவர், பெட்டியில் அச்சிட்ட எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தாம் கேட்கப்போவது என்ன, அது எந்தெந்தக் கைகளின் வழியே பதிவாகித் தம்மிடம் வந்து சேர்ந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

எனினும் அந்த எண்களின் பொருளை அறியாமல் அவற்றை ஒதுக்கவும் முடியாது. ஒலியலையை இலக்கமாக்கும்போது ஒரு செக்கனில் எத்தனை தடவை அதன் அளவு குறிக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்படுகிறது என்பது பிட் ஆழம். 1982 இல் சந்தைக்கு வந்த இறுவட்டு, செக்கனுக்கு 44,100 தடவை, 16 பிட் ஆழத்தில் ஒலியைக் குறிக்கிறது. மாதிரி வீதத்தின் பாதிக்குக் குறைவான எல்லா அதிர்வெண்களையும் திரும்பப் பெறலாம் என்பது கோட்பாடு ஆதலால், இளஞ்செவியின் எல்லையாகக் கொள்ளப்படும் 20 கிலோஹேட்ஸ் அதற்குள் அடங்கிவிடுகிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் தரும் ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியும் வீட்டில் கேட்பதற்குத் தாராளமாகப் போதும். உயர்தெளிவு எனப்படுவது பொதுவாக 24 பிட், 96 கிலோஹேட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அளவாகும். ஜப்பான் ஒலிச் சங்கத்தின் பொன்னிற இலச்சினைக்கும் இதுவே அடிப்படை.

இந்த மேலதிகத் தெளிவு செவிக்குப் புலப்படுகிறதா என்பது பரிசோதிக்கப்பட்ட விடயமே. மேயர், மொரான் என்னும் இருவர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு ஒலியும் அதையே இறுவட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியும் எதுவெனச் சொல்லாமல் 554 தடவை கேட்பிக்கப்பட்டபோது, சரியான விடை பாதியளவே வந்தது. அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே பெறுபேறு கிடைத்திருக்கும். பின்னர் 2016 இல் ஜோஷுவா ரைஸ் 18 பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்து, சரியான விடைகள் 52.3 வீதம் எனவும், பயிற்சி பெற்ற செவிகளில் அது இதைவிடக் கூடுதல் எனவும் காட்டினார். வேறுபாடு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நூலிழை அளவானது, அதுவும் மூலப்பதிவு அத்தனை தெளிவோடு இருந்தால் மட்டுமே.

அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லில்தான் அம்பாறைக் கரையின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. இவ்வூர்களின் செவியை வளர்த்தவை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் முஸ்லிம் சேவையும், பாடகர் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் கணீரென்ற குரலும், எகிப்திய காரிகளின் கிராஅத்தும் (குர்ஆன் ஓதலும்) ஆகும். 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த ‘டூ இன் வன்’ றேடியோக் கெசட்டுகளில் இவையெல்லாம் பதியப்பட்டு, ஒரு வீட்டுக் கெசட்டிலிருந்து அயல் வீட்டுக் கெசட்டுக்குப் படியெடுக்கப்பட்டு, படிக்குப் படி தெளிவு தேய்ந்தபடியே பரவின. மத்திய அலை வானொலி சுமந்துவருவது ஏறத்தாழ 5 கிலோஹேட்ஸ் வரையான ஒலியைத்தான். பண்பலை 15 கிலோஹேட்ஸ் வரை செல்லும். சாதாரணக் கெசட்டின் இரைச்சலுக்கும் உரத்த ஒலிக்கும் இடைப்பட்ட தூரம் 50 டெசிபெல்லைச் சற்றே தாண்டும். அந்தக் காரிகளில் ஒருவரான மஹ்மூத் கலீல் அல் ஹுசரி 1961 இல் பதிவுசெய்த முழுக் குர்ஆன் ஓதல், பின்னணியில் எதுவும் இல்லாத ஒரேயொரு மனிதக் குரல். ஒற்றைத்தட ஒலியாகப் பதிவான அதை 192 கிலோஹேட்ஸ் கோப்பாக மாற்றி விற்பவர், அதனுள் புதிதாக எதையும் வைத்துவிடவில்லை. இன்னொரு காரியான அப்துல் பாசித் அப்துஸ் ஸமத் ஓதும்போது மூச்சு முடியும் இடத்தில் விழும் மௌனத்தில், பதிவு நாடாவின் மெல்லிய ‘ஸ்ஸ்’ எழுந்து அடங்குவதை நல்ல ஹெட்போனில் கேட்கலாம்; அந்த மௌனத்தோடு தன் சொந்த இரைச்சலையும் கலந்துவிடாத கருவியே இக்கரையின் கேட்போருக்கு வேண்டியது.

ஆகவே தெரிவின் முதல் அளவுகோல் கருவியின் பின்னணி அமைதியாகும். கூருணர்வுள்ள சிறு இயர்போனை மாட்டி, ஒலியற்ற வெறும் கோப்பொன்றை ஓடவிட்டுப் பார்த்தால் கருவியின் இரைச்சல் தானே வெளிப்பட்டுவிடும். அடுத்தது வெளியீட்டுத் தடை: கருவியின் உட்புற மின்தடை ஹெட்போனின் தடையில் எட்டிலொரு பங்குக்கு மேற்படக் கூடாது என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி, 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமோ அதற்குக் குறைவோ பொருந்தும், அதை மீறினால் சில சுரங்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். இவை இரண்டும் விபரப் பட்டியலில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பவையோ இவை அல்ல.

விளம்பரங்களில் இடம்பெறாத, ஆனால் இக்கரையில் நாளாந்தம் தேவைப்படும் வேறு சில உண்டு. குர்ஆனின் ஸூரத்துல் பகரா அத்தியாயத்தை நிதானமாக ஓத இரண்டு மணித்தியாலத்தை ஒட்டிச் செல்வதால், இடையில் நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும் வசதி இல்லாத கருவி ஓதல் கேட்பவருக்குப் பயன்படாது. ஆயத்து ஆயத்தாக வெட்டப்பட்ட கோப்புகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஒன்றையடுத்து ஒன்றாக ஒலிக்கும் திறன் கட்டாயம் வேண்டும். இல்லாவிடின் ஓதுபவர் விடாத மூச்சைக் கருவி விட்டுவிடும். மூன்றாவது எழுத்து. தனக்கென ஒரு சிறு இயங்குதளத்தில் ஓடும் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவோ குலைந்தோ தோன்றும். ‘கொடியேற்றம்’ எனப் பெயரிட்ட கோப்பை நினைவு அட்டையில் இட்டு, கருவியின் திரையில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் ஒழுங்காக அமர்கின்றனவா என்று பார்த்தால், அந்த ஒரு சொல்லே போதிய பரீட்சையாகும். அரபுப் பெயர்கள் வலமிருந்து இடமாக, எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வருகின்றனவா என்பதையும் அதேபோல் பார்த்துக்கொள்ளலாம். அன்ட்ரொயிட்டில் இயங்கும் கருவிகளுக்கு இக்குறை பெரும்பாலும் இல்லை. ஆனால் அவற்றின் விலை கூட, பற்றரி தாங்கும் நேரம் குறைவு.

உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்கரை வீதியை ஒட்டிய வீடுகளில் திறந்து கிடக்கும் ஹெட்போன் முளையின் பித்தளையில் சில மாதங்களிலேயே பச்சைப் படலம் படிந்து, முளையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பக்கக் காதில் ஒலி வெட்டி வெட்டி வரும். பொன்பூச்சுள்ள முளையும், மூடியுள்ள நினைவு அட்டைத் துளையும், சிலிக்கா பையொன்று போட்ட சிறு பேணியும் இங்கே ஆடம்பரம் அல்ல. உள்ளே ஒட்டி மூடப்பட்ட பற்றரியை மாற்றித் தரக்கூடியவர் பக்கத்து நகரில் இருக்கிறாரா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயைக் கடந்ததைக் கண்ட நாட்டில், பழுதானால் இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குவது சாமானியருக்கு இயலாத காரியம்.

தனிக்கருவி வேண்டுமா என்ற கேள்வியும் நேர்மையாகக் கேட்கப்பட வேண்டியதே. ஏற்கெனவே நல்ல கைபேசி வைத்திருப்பவர், அதன் மின்னேற்றத் துளையில் செருகும் சிறிய ஒலிமாற்றி ஒன்றையும் தரமான கம்பி இயர்போன் ஒன்றையும் வாங்கினால், செலவின் பெரும்பகுதி செவிக்கு மிக அருகிலுள்ள உறுப்புக்கே போகிறது. ஒலியின் தன்மையை ஹெட்போன் மாற்றும் அளவுக்கு ஒலிமாற்றி மாற்றுவதில்லை. கம்பியில்லா வழியை நாடுவோர், புளூடூத்தில் மிகக் கூடிய தரவைக் கடத்தும் முறைகளில் ஒன்றான எல்டாக் கூடச் செக்கனுக்கு 990 கிலோபிட்டையே அனுப்புகிறது என்பதையும், இறுவட்டுக்கு 1,411 கிலோபிட் தேவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உயர்தெளிவுக் கருவியை வாங்கிப் புளூடூத்தில் கேட்பவர் கொடுத்த காசின் பெரும்பங்கைக் காற்றில் விடுகிறார். தனிக்கருவிக்கு எஞ்சும் உண்மையான நியாயம் ஒன்றே: ஓதலின் நடுவே அழைப்பும் செய்தியும் குறுக்கிடாது. சுபஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆனின் ஒரு ஜுஸ்உவை (பாகத்தை) முழுமையாகக் கேட்க விரும்புபவருக்கு அந்த நியாயம் சிறிதன்று. எந்தக் கருவியில் கேட்டாலும், ஒலியின் அளவைப் பொறுத்தவரை வாரத்துக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வகுத்துள்ள எல்லை.

இவ்வாறு கேட்பதில் பெரிதாகப் பயன் தராத 24 பிட், பதிவதில் உண்மையாகவே பெறுமதி மிக்கது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றத்தில், மெல்லிய பைத்துப் பாடலைத் தொடர்ந்து பக்கீர்மாரின் றபான் மேளங்கள் ஒருசேர முழங்கும் கணத்தைப் பதிபவர், அம்முழக்கம் வெட்டுப்படாதிருக்க ஒலிமட்டத்தை 20 டெசிபெல் தாழ்த்தி வைக்க வேண்டும். 16 பிட்டில் அது மெல்லிய பைத்தை இரைச்சலுக்கு நெருக்கமாகத் தள்ளிவிடும், 24 பிட்டில் அப்படித் தள்ள வேண்டியதில்லை. சிலேட்டுப் பலகை அளவுகூட இல்லாத கைப்பதிவுக் கருவிகள் இதைச் செய்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி எழுத்தில் காத்தனர்; ஆனால் தணிந்து வரும் தாலாட்டின் இழுப்பும், கவி பாடும் வயலோரக் குரலின் ஏற்ற இறக்கமும் எழுத்துக்கு அகப்படுவதில்லை. அவை எஞ்சியிருப்பது வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் கெசட்டுகளில்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இக்கரையின் வீடுகளோடு கடல் கொண்டுபோனவற்றில் இத்தகைய கெசட்டுகளும் அடங்கும்.

சர்வதேச ஒலி, காட்சி ஆவணக் காப்பகச் சங்கம் பழைய நாடாக்களை இலக்கமாக்குவதற்கு 24 பிட் ஆழத்தையும், குறைந்தது 48 கிலோஹேட்ஸையும், இயன்றால் 96 கிலோஹேட்ஸையும் பரிந்துரைப்பது நாடாவில் அத்தனை நுட்பமான ஒலி இருப்பதால் அன்று; நாடாவின் இரைச்சலும் கீறலும்கூடத் துல்லியமாகப் பதிவானால்தான் பின்னாளில் அவற்றைக் குரலிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதால். அந்த அளவில் 60 நிமிடக் கெசட்டொன்று இரண்டு கிகாபைட்டைச் சற்றே தாண்டும். நூறு கெசட்டுகள் 256 கிகாபைட் அட்டையொன்றில் அடங்கிவிடும், இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் முறையில் இன்னும் இடம் மிஞ்சும். எனவே ஒரு குடும்பம் ஒதுக்கும் பணத்தில், ஒழுங்காக ஓடும் கெசட் டெக் ஒன்றுக்கும் எளிய பதிவுக் கருவிக்கும் முதலிடம் கொடுத்து, எஞ்சியதில் நல்ல இயர்போனையும் இறுதியாகவே தனிக்கருவியையும் வாங்குவது தகும்.

டெக்கில் நாடாவைப் போடுமுன், வாசிக்கும் தலையை மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு, தலையின் அருகே உள்ள சிறு திருகாணியை மெல்லிய ஸ்குரூட்ரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். நாடா பதியப்பட்ட பழைய டூ இன் வன்னின் தலை நின்ற சாய்வும் இந்தத் தலையின் சாய்வும் ஒன்றாகாதவரை, குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிக் கேட்கும். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஸகரமும் ஷகரமும் திடீரெனத் துலங்கி, மூத்தம்மாவின் தாலாட்டில் அவர் உதடு பிரியும் ஓசைகூட முன்னே வந்து நிற்கும். பதிவுக் கருவியின் சிவப்புப் பொத்தானை அந்த இடத்தில்தான் அழுத்த வேண்டும்.