நீக்கப்பட்ட பிறகும் ஓயாத மட்டை: 37 வயதில் தினேஷ் கார்த்திக் திரும்பி வந்தது எப்படி?

பிரிஞ்சாங்: இந்தியாவில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்கு வரும். ஆட்டத்தின் கடைசி ஐந்து ஓவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னிரவு ஒன்றரை மணி வரை விழித்திருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை. தினேஷ் கார்த்திக்கின் வேலை பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்து ஓவர்களில்தான் இருந்தது. மறுநாள் காலையில் கைப்பேசிக்கு வரும் காணொளித் துண்டில் அவர் அடித்த இரண்டு சிக்சர்களை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு, அவற்றுக்குப் பின்னால் இருந்த கதை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

1985 ஜூன் 1ஆம் தேதி சென்னையில் பிறந்த கார்த்திக், 2004 செப்டம்பரில் லண்டன் லார்ட்ஸ் திடலில் இங்கிலாந்துக்கு எதிராக இந்திய அணிக்கு அறிமுகமானார். விக்கெட் காப்பாளர், மட்டையாளர் என்று இரண்டு வேலையும் தெரிந்தவர். அதே ஆண்டு டிசம்பரில் மகேந்திர சிங் தோனி வந்து சேர்ந்தார். ஓர் அணியில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க ஒருவருக்குத்தான் இடம். அதன் பிறகு கார்த்திக்கின் வாழ்க்கை அழைப்பதும் அனுப்பி வைப்பதுமாகவே போனது. 2007இல் இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் தொடரில் இந்திய அணியில் மிக அதிக ஓட்டங்கள் எடுத்தவர் அவர்தான். அப்படியிருந்தும் 2010க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட எட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹாஸ் கிண்ண இறுதியாட்டம் பலருக்கும் நினைவிருக்கும். வங்காளதேசத்துக்கு எதிராக 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் இறங்கினார். கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது சிக்சர் அடித்தார். எட்டே பந்துகளில் 29 ஓட்டங்கள்.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழானது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா 5 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து தவித்தபோது கார்த்திக் களமிறங்கினார். 25 பந்துகளைச் சந்தித்து 6 ஓட்டங்கள் எடுத்தார். மேட் ஹென்றி வீசிய பந்தை அவர் அடிக்க, ஜிம்மி நீஷம் இடப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்தார். இந்தியா 18 ஓட்டங்களில் தோற்றது. அதுவே அவருடைய கடைசி ஒருநாள் அனைத்துலக ஆட்டம். அந்தக் கேட்ச்சை எந்த மட்டையாளருக்கு எதிராகப் பிடித்திருந்தாலும் அவர் வெளியேறத்தான் வேண்டியிருக்கும். ஆனால், 34 வயதில் ஆட்டமிழக்கிறவருக்கு அந்த நியாயத்தை யாரும் பார்ப்பதில்லை.

2020 ஐபிஎல் பருவத்தின் நடுவில் கொல்கத்தா அணியின் தலைமைப் பொறுப்பையும் விட்டுக் கொடுத்தார். 2021 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை ஏற்று சையத் முஷ்டாக் அலி கிண்ணத்தை வென்று கொடுத்தார். அதே ஆண்டு ஜூனில், இந்தியா ஆடிய உலக டெஸ்ட் இறுதியாட்டத்தில் அவர் கையில் மட்டை இல்லை, ஒலிவாங்கிதான் இருந்தது. வர்ணனையாளராக நல்ல பெயர் எடுத்தார். இனி இவர் ஆடமாட்டார் என்று ரசிகர்கள் முடிவு கட்டியது அப்போதுதான்.

அவரோ வேறு கணக்கில் இருந்தார். முன்னாள் மும்பை ஆட்டக்காரர் அபிஷேக் நாயருடன் சேர்ந்து தம் ஆட்டத்தைக் கடைசி ஓவர்களுக்கென்றே செதுக்கிக்கொண்டார். இதைச் சற்று விளக்க வேண்டும். முன்வரிசையில் இறங்குபவருக்குப் பந்தைக் கணிக்க நேரம் உண்டு. ஆறாவது, ஏழாவதாக வருபவருக்கு அந்த வசதி கிடையாது. முதல் பந்திலிருந்தே அடிக்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளர் காலடியை நோக்கி யார்க்கர் போடுவார், இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து ஏமாற்றுவார். கார்த்திக் அசைந்து ஆஃப் பக்கம் நகர்ந்துகொள்வார். நேராக வரும் பந்தை விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், ஆளில்லாத இடத்துக்குத் தட்டி விடுவார். பலம் குறைவு, குறி அதிகம். காற்பந்தில் 80ஆவது நிமிடத்தில் இறக்கப்படும் மாற்று ஆட்டக்காரரை நினைத்துக் கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும்.

2022இல் பெங்களூரு அணி அவரை ஐந்தரை கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 330 ஓட்டங்கள் எடுத்தார். பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால், அதற்கு அவர் சந்தித்தவை 180 பந்துகள் மட்டுமே. ஆட்டத்துக்குப் பதினோரு பந்துகள்தாம். 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டங்கள் என்பதே ஓட்ட விகிதம். அவருடையது 183. பத்து முறை ஆட்டமிழக்காமல் நின்றார்.

தேர்வாளர்கள் அழைத்தார்கள். 2022 ஜூன் 17ஆம் தேதி ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, இந்தியா 81 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் என்றிருந்தபோது இறங்கி 27 பந்துகளில் 55 அடித்தார். டி20 அனைத்துலக ஆட்டங்களில் அது அவருடைய முதல் அரைசதம். 2006 டிசம்பரில் இந்தியா ஆடிய முதல் டி20 ஆட்டத்தின் ஆட்டநாயகனும் இவரே. முதல் ஆட்டத்துக்கும் முதல் அரைசதத்துக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்!

அவர் மனைவி தீபிகா பள்ளிக்கல் ஸ்குவாஷ் ஆட்டக்காரர். நிக்கோல் டேவிட்டால் அந்த விளையாட்டை அறிந்த நமக்கு இது சுவையான செய்தி. 2021இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்த பின் தீபிகாவும் திடலுக்குத் திரும்பி, 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியின் கலப்பு இரட்டையர் இறுதியில் அவர் இணை தோற்கடித்தது மலேசிய இணையைத்தான்.

திரும்பி வந்தவருக்கு எல்லாம் கைகூடியது என்று எழுதினால் அது பொய். 2022 டி20 உலகக் கிண்ணத்தில் மூன்று முறை மட்டை பிடித்து மொத்தம் 14 ஓட்டங்களே எடுத்தார். அதன்பின் இந்திய அணியில் அவர் ஆடவில்லை. 2023 ஐபிஎல் பருவத்தில் 13 ஆட்டங்களில் 140 ஓட்டங்கள். மீண்டும் முடிந்துபோனார் என்றார்கள்.

2024 ஏப்ரல் 15ஆம் தேதி பெங்களூரில் ஹைதராபாத் அணி 287 ஓட்டங்கள் குவித்தது. வெற்றி எட்டாக்கனி என்று தெரிந்தும் 38 வயது கார்த்திக் 35 பந்துகளில் 83 அடித்தார். அவற்றில் ஏழு சிக்சர்கள். பெங்களூரு 25 ஓட்டங்களில் தோற்றாலும் உள்ளூர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பருவத்தில் 326 ஓட்டங்கள், ஓட்ட விகிதம் 187. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட வேகம் கூடியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, 39ஆவது பிறந்த நாளில் ஓய்வு அறிவித்தார். அடுத்த மாதமே பெங்களூரு அணி அவரை மட்டைப் பயிற்றுநராக நியமித்தது. 2025 ஜூன் 3ஆம் தேதி அந்த அணி முதன்முறையாக ஐபிஎல் கிண்ணத்தை வென்றது.