டெல்டா அடுப்படி: புகையில் வேகும் பன்றி விலா

பன்றி விலாவைப் புகையில் வேகவைத்து, மேலே இனிப்புப் பாகு பூசும் முறைக்குப் பேர்போனவை அமெரிக்காவின் தென்மாநிலங்கள். ஆனால் அதற்கு வேண்டிய எல்லாமே தஞ்சை வட்டாரத்தில் கிடைக்கின்றன. பன்றிக்கறியும் காவிரிக்கரைக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியில் குட்டிகளோடு திரிந்த பன்றிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். நெல்மாவு ஊட்டி, பெண்பன்றியோடு சேரவிடாமல், குழியில் நிறுத்திப் பல நாள் கொழுக்கவைத்த பன்றியின் கறி பாணர்களுக்குக் கள்ளோடு கிடைக்கும் என்கிறது அந்நூல். கொழுப்பின் அருமை அறிந்தவர்களின் வளர்ப்பு அது.

இன்று கடைகளில் வெண்பன்றி என்று விற்கப்படுவது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த யார்க்ஷயர் இனம் அல்லது அதன் கலப்பு. கடைக்காரர் துண்டு போடுவதற்கு முன்பே, விலாவை முழுப் பாளமாகத் தரும்படி கேட்டுவிட வேண்டும். எலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வை உரித்துவிட்டு, உப்பு, மிளகு, பூண்டு தடவி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும்.

விலாக்கறியில் இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் மெதுவான சூட்டில்தான் கரைந்து கறியை மிருதுவாக்கும். ஆகவே அடுப்புக்குள் வெப்பம் 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நேரம் நான்கைந்து மணி பிடிக்கும். வண்ணமோ துத்தநாகப் பூச்சோ இல்லாத, மூடியுள்ள இரும்பு டிரம் போதும். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கம்பிவலையின் மேல் கறி, அடியில் ஒரு தட்டுத் தண்ணீர். நேர்த்தணல் கறியில் படக் கூடாது. புகை நச்சானது என்பதால் வீட்டுக்குள் வேண்டாம், கொல்லைதான் சரி.

விறகில்தான் சுவை இருக்கிறது. டெக்சாஸில் புகைக்கு எரிக்கும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். அதன் புகை காரமானது; அதிகமானால் கறி கசக்கும். மாவிறகும் கொய்யாவும் சாதுவானவை. தேங்காய்ச் சிரட்டைக் கரி சூட்டுக்கு நல்லது. வைக்கோல் உதவாது; சட்டென எரிந்து சாம்பல் கறியில் படியும். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகு கக்கும் அடர்ந்த வெள்ளைப் புகை கறியைக் கெடுத்துவிடும். மெலிதாக நீலம் பாய்ந்த புகையே வேண்டியது.

பாகுக்குப் பாபநாசம் பக்கத்து அச்சுவெல்லத்தை மிஞ்சியது இல்லை. ஒரு கிலோ விலாவுக்கு 150 கிராம் வெல்லம், எலுமிச்சை அளவு புளியின் கரைசல், தட்டிய இஞ்சி, மிளகு, கொஞ்சம் உப்பு. தேன் பதத்துக்குக் காய்ச்சி இறக்க வேண்டும். புளியும் வெல்லமும் சேர்ந்த ருசி தஞ்சை நாக்குக்குப் பழகியதே. முதலிலேயே பூசினால் நீண்ட சூட்டில் வெல்லம் கருகிக் கசந்துவிடும். கடைசி அரை மணியில் இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசுவதே முறை.

எலும்பு நுனியிலிருந்து கறி ஒரு செண்டிமீட்டர் அளவு பின்வாங்கினால் வெந்துவிட்டது என்று அறியலாம். வெப்பமானி இருந்தால் கறியின் உட்சூடு 90 டிகிரியைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பன்றிக்கறியில் இருக்கக்கூடிய நாடாப்புழுவின் கட்டிகள் அதற்கு வெகுமுன்பே செத்துவிடும். அரைவேக்காட்டுப் பன்றிக்கறியை ஒருபோதும் தின்னக் கூடாது.

(தொடரும்)