போர்க்காலத்துச் செபம்

செபம் என்றதும் நம்முள் பலருக்கு நினைவுக்கு வருவன மனப்பாடம் செய்த சொற்களே. காலையில் பள்ளி மணி அடித்ததும் கைகூப்பிச் சொல்கிறோம். தேர்வு நாட்களில் சற்று வேகமாகவும் சொல்கிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டின் மேல் குண்டு விழும் நாளில், மகனைக் காணவில்லை என்று தாய் அலறும் நாளில், மனிதர் இறைவனிடம் என்ன பேசுகின்றனர்? அன்றும் "எல்லாம் நன்மைக்கே, நன்றி ஆண்டவரே" என்று மட்டும்தான் சொல்ல வேண்டுமா?

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராமேசுவரத்திலிருந்து கடல் கடந்தால் மன்னார். மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் மடு. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டு வரை அரசு அவற்றை அகதிகள் முகாம் என்றே அழைத்து வந்தது. ஆகவே இது நமக்கு அயலார் செய்தி அன்று.

மடு மாதா திருத்தலத்தின் வரலாறே ஓர் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியபோது கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். மாந்தையில் இருந்த குடும்பங்கள் சில, தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670ஆம் ஆண்டில் காட்டுக்குள் சென்றன என்பர். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். மக்கள் ஓடி வந்து ஒளிந்ததால் உண்டான கோயில் அது. ஜூலை 2ஆம் நாள் திருவிழாவுக்குத் தமிழரும் வருவர், சிங்களவரும் வருவர். இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருவர். கோயில் மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தென்று எடுத்துச் செல்வதும் உண்டு. மலைத்தீபக் கொப்பரையின் மையை நம் ஊரார் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல.

உள்நாட்டுப் போரின்போது அந்தக் காடு மீண்டும் புகலிடமாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோயிலைச் சுற்றிக் கொட்டகை போட்டுத் தங்கின. மாதாவின் காலடியில் குண்டு விழாது என்று நம்பினர். 1999 நவம்பர் 20 அன்று விழுந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். ஏவியது யார் என்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அதற்கு முன்பே, 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் மாதா சுரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். ஆகஸ்டு மாதம் திரும்பக் கொண்டு வந்தனர். அடைக்கலம் தந்த அன்னையும் அகதியானாள்!

இப்படிப்பட்ட இடத்தில் முழந்தாளிட்டவர்கள், "ஆண்டவரே, நீர் எங்கே இருந்தீர்?" என்று கேட்டால் அது பாவமா? நாம் வேதாகமத்தைத் திறந்து பார்த்தோம். திருப்பாடல்கள் மொத்தம் 150. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 13ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில், இன்னும் எத்தனை காலம் பொறுப்பது என்று நான்கு முறை கேள்வி எழுகிறது. 44ஆம் திருப்பாடலோ, உறங்குகிறீரா, எழுந்திரும் என்று கடவுளையே தட்டி எழுப்புகிறது. 88ஆவது இருளில் தொடங்கி இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி அடியிலும் ஆறுதல் வரவில்லை. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர் கைவிடப்பட்டவராய்க் கதறியதும் 22ஆம் திருப்பாடலின் முதல் சொற்களைத்தான். (பாட்டிமார் வைத்திருக்கும் பழைய பதிப்புகளில் தேடினால் இவற்றுள் பல ஓர் எண் குறைவாக இருக்கும், தோழியர் குழம்ப வேண்டாம்.)

இது யூதருக்கும் கிறித்தவருக்கும் மட்டும் உரிய வழக்கமும் அன்று. சுந்தரர் கண்பார்வை இழந்தபோது சிவபெருமானிடம் பணிந்து கெஞ்சியது மட்டுமா செய்தார்? திருவாரூரில் வாய்விட்டுச் சண்டையே போட்டார். கிரிவலப் பாதையில் நடக்கும்போது, "உனக்குக் கண் இல்லையா, அண்ணாமலையாரே?" என்று எந்தத் தாயாவது மலையைப் பார்த்துக் கேட்டால் யாரும் அவளை நாத்திகி என்பதில்லை. நம்பாதவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

கேள்வி கேட்பது இவ்வாறிருக்க, சாபம் இடுவதை என்ன செய்வது? இதுதான் நமக்குக் கடினமாக இருந்தது. 137ஆம் திருப்பாடலில், பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுச் சென்றவர்கள் ஆற்றங்கரையில் அழுகிறார்கள். இறுதியில், பகைவரின் குழந்தைகள் பாறையில் மோதப்பட வேண்டும் என்றே கேட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது நடுங்குகிறது. 1971இல் வெளியான புதிய திருப்புகழ்மாலையில் இவ்வரிகளைத் திருச்சபை விட்டுவிட்டது. 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுவதுமாகவே விட்டுவிட்டது. பொதுச் செபத்தில் விட்டது சரியே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் வேதாகமத்திலிருந்து அவை நீக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெறுப்பைக் கடவுள் முன் கொட்டியவன், அதைக் கையில் ஆயுதமாக எடுக்கும் முன் ஒரு நொடியாவது நின்றிருக்கிறான் அன்றோ?

பகைவருக்காக வேண்டுங்கள் என்று இயேசு மலைப்பொழிவில் கட்டளையிட்டார். மகனை இழந்த தாயிடம் இதை எடுத்தவுடன் போதிப்பது நமக்கு எளிது, அவளுக்கு எளிதன்று. "மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, ஆண்டவரே" என்று அவள் சொன்னால் அதுவும் செபமே என்போம். கெத்சமனியில் இயேசு தம் மனத்தை மறைக்கவில்லை. இந்தத் துன்பக் கிண்ணம் வேண்டாம் என்று முதலில் கேட்டார். தந்தையின் விருப்பத்துக்குப் பணிந்தது அதன் பிறகே. நாமோ முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்குச் சென்றார். போரில் உற்றாரை இழந்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் ஒரே மாதாவின் முன் நின்றன. நடந்த தீமைக்கு மனம் வருந்தாமல் மன்னிப்பைப் பற்றிப் பேச இயலாது என்னும் கருத்தைத் திருத்தந்தை அங்கே எடுத்துரைத்தார். இரு பக்கத்துத் தாய்மாரும் ஒரே சுரூபத்திடம் தம் பிள்ளைக்காக அழும்போது மாதா எப்பக்கம் சாய்வாள்? மறைக்கல்வி வகுப்பில் நாம் இதை வெகுநேரம் பேசினோம். முடிவு ஒன்றும் எட்டவில்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமற்போனவர்களின் உறவினர் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே பந்தல் போட்டு அமர்ந்தனர். வந்தவர்களுள் பெரும்பாலோர் தாய்மார். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்தனர். "என் பிள்ளை எங்கே?" என்ற ஒன்றைத்தான் அரசிடமும் கேட்டனர், முருகனிடமும் கேட்டனர், மடு மாதாவிடமும் கேட்டனர். விடை வருமுன்னே அவர்களுள் பலர் கண்ணை மூடிவிட்டனர்.