சமையற்கட்டில் ஜெபம்

கடவுளிடம் நெருங்கணும்னா தனியறையும் நீண்ட ஜெபமும் வேணும்னுதான் நானும் நினைத்திருந்தேன். சகோதரர் லாரன்ஸின் கடிதங்கள் அந்த எண்ணத்தை மாற்றின.

இவர் முன்னாள் சிப்பாய். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கிடைத்தது சமையல் வேலை. அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. அதிலேயே ஏறக்குறைய 15 ஆண்டுகள்.

அவர் செய்தது இவ்வளவுதான்: வேலைக்கு நடுவே மனசுக்குள் கடவுளோடு பேசுவது, மனம் அலைந்தால், தன்னையே திட்டிக்கொள்ளாமல் மறுபடி அவரிடம் திரும்புவது.

உடனே பலன் கிடைத்ததா? இல்லை. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் தவித்ததாக எழுதுகிறார். பழைய பாவங்களே கண்முன் நின்றனவாம். ஆனாலும் பழக்கத்தை விடவில்லை.

முன்பெல்லாம் மனசு அலைஞ்சா, 'இன்னைக்கு ஜெபம் அவ்வளவுதான்'னு எழுந்துவிடுவேன். இப்போது அலைந்த இடத்திலிருந்தே திரும்புகிறேன். அந்தத் திரும்புதலும் ஜெபம்தானே!