மலையேறும் ரயிலும் மண்ணுக்குரியவர்களும்

ஆஸ்திரேலியா என்றதும் வறண்ட வெளிகளும் ஆட்டு மந்தைகளுமே நம் மனக்கண் முன் தோன்றும். ஆனால் அந்நாட்டின் வடகிழக்கே, குவீன்ஸ்லாந்து மாகாணத்துக் கெய்ர்ன்ஸ் துறைமுகத்தின் அருகில், பசுமை மாறாத மழைக்காடு ஒன்று உண்டு. அதனூடே பாரன் நதி மலையைப் பிளந்துகொண்டு கடலை நோக்கி இறங்குகிறது. அம்மலையிடுக்கே பாரன் கார்ஜ் தேசிய வனம். 1988-ஆம் ஆண்டு, சுற்றியுள்ள காடுகளோடு இதுவும் உலகப் பாரம்பரியச் செல்வமாக அங்கீகாரம் பெற்றது.

கெய்ர்ன்ஸில் ரயிலேறினால், ஆயிரம் அடிக்கு மேல் உயரத்திலுள்ள குராண்டாவை அடையலாம். வழியில் பதினைந்து குகைப் பாதைகள்! ஸ்டோனி கிரீக் அருவியின் எதிரே வில்லாய் வளைந்த இரும்புப் பாலத்தில் வண்டி ஊர்ந்து செல்லும் காட்சி கண்ணுக்கு விருந்து.

இப்பாதை உல்லாசத்துக்காகப் பிறந்ததன்று. 1882-இல் பெருமழையால் வழிகள் துண்டுபட்டு, ஹெர்பர்ட்டன் வெள்ளீயச் சுரங்கத்தார் உணவின்றித் தவித்தனர். ரயில் வேண்டுமென்ற கூக்குரல் எழுந்தது. 1886-இல் வேலை தொடங்கிற்று. ஒரு சமயம் ஆயிரத்தைந்நூறு தொழிலாளர், அயர்லாந்தினரும் இத்தாலியரும் உள்பட, மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு மலையைக் குடைந்தனர். விபத்திலும் நோயிலும் பலர் மாண்டனர். 1891-இல் ரயில் குராண்டாவை எட்டியது.

ஆயின், வெறும் காட்டிலா தண்டவாளம் இடப்பட்டது? அது ஜாபுகை மக்களின் தாயகம். புடாஜி என்னும் பெரும் பாம்பே இந்நதியின் போக்கை வகுத்தது என்பது அவர்களுடைய தொன்றுதொட்ட நம்பிக்கை. ரயிலும் குடியேற்றமும் வந்தபின் அவர்கள் நிலமிழந்தனர். 1913-இல் ஏற்பட்ட மோனா மோனா பாதிரிமார் குடியிருப்பில் பலர் அடைக்கலமாக்கப்பட்டனர். 1962 வரை அது நடந்தது.

நதிக்கும் தளை விழுந்தது. மின்சார உற்பத்திக்காக 1935-இல் பூமிக்கடியில் நிலையம் அமைந்தது. 1963-இல் புதியது அதன் இடத்தைப் பெற்றது. மேலே நீர் மறிக்கப்படுவதால், வறண்ட பருவத்தில் பாரன் அருவி மெலிந்து பாறை தெரிய நிற்கிறது. மழைக்காலத்திலோ பழைய ஆவேசத்தோடு பொங்கி விழுகிறது.

மண்ணுக்குரியவர்களின் குரலும் அவ்வாறே அடங்கிவிடவில்லை. 2004-இல் ஆஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் இவ்வனத்தின் மீது ஜாபுகை மக்களின் பூர்வீக உரிமையை ஒப்புக்கொண்டது. பறிக்க ஒரு கணம், மீட்க நூறாண்டு!

குகைகளை எண்ணியபடி மலையேறும் பிரயாணி, பாதையமைத்தவர்களின் வியர்வையை நினைப்பது முறை. பாதைக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களை நினைப்பது அதனினும் முறை. அருவியின் அழகை முழுதும் கண்டவர் அவரே என்போம்.